நகம் தட்டின இடம்

இயக்குநரிடம் மூன்று பதில்கள் இருந்தன. "பார்க்கலாம்" என்றால் இல்லை. "பார்ப்போம்" என்றால் நிச்சயமாக இல்லை. "பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றால், மனு எந்த அலமாரிக்குள் போனது என்று அவருக்கே தெரியாது. மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்வார். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறும், வாய்க்குள் கற்கண்டு கரைகிற மாதிரி ஒரு நிதானம் வரும், பிறகு பதில் வரும்.

பசையம்மா நாலு வருடத்தில் மூன்றையும் வாங்கி முடித்திருந்தாள்.

அந்த அருங்காட்சியகத்தின் பின்கட்டில் உடைந்த பானைகளை ஒட்டுகிற வேலை அவளுக்கு. பசையம்மா என்று பெயர் வைத்தது வாசலில் டிக்கெட் கிழிக்கிற அண்ணன். முப்பத்தெட்டு வயது. விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும். வீட்டுக்குப் போகிற பேருந்தில் அதைத் தோல் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே வருவாள். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ ஒட்டுவாரொட்டி வியாதி என்று எழுந்து போய்விடுவார்கள். "தாராளமா உக்கார இடம் கிடைக்குதே" என்பாள்.

நாலு வருடமாக அவள் கேட்டது ஒரு அறை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் உட்கார்ந்து, பழைய பொருளைக் கையில் எடுத்து, உரசி, முகர்ந்து, ஒட்டிப் பார்க்க ஒரு அறை.

பிள்ளைகள் வருவதை அவள் தன் பட்டறை ஜன்னல் வழியாகப் பார்ப்பது வழக்கம். வாசலில் டீச்சர் தொடங்குவார்: "ரெண்டு ரெண்டா நில்லு. கையப் பின்னால கட்டு. வாய்ல விரல்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயில் எப்படி விரல் வைப்பது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. உள்ளே போனதும் டிக்கெட் அண்ணன் வாசலைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே வருவார். அது சின்ன இடம், டிக்கெட்டும் காவலும் அவர்தான். ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று அறிவிக்கிற குரல் அவருக்கு. "பார்வையாளர்கள் தொடாதீங்க. சாயாதீங்க. கண்ணாடில மூச்சு விடாதீங்க."

ஒருநாள் பசையம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தாள். நாலு கூடத்துக்கும் சேர்த்து ஒன்பது நிமிடம். கொல்லைப்புறக் குழாயடியில் பதினாலு நிமிடம். குழாயைத் திறந்தார்கள், மூடினார்கள், கட்டைவிரலால் அடைத்துப் பீய்ச்சினார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து குழாயின் வாய்க்குள் பார்த்தார்கள். அன்று சாயங்காலமே மனு எழுதினாள்: "இந்தக் கட்டடத்தில் பிள்ளைகளின் கை பட்ட ஒரே பொருள் குழாய்தான்."

இயக்குநர் படித்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "குழாயை மாத்தணும்னு சொல்றீங்களா?"

"இல்ல சார். மத்த எல்லாத்தையும் குழாய் மாதிரி மாத்தணும்னு சொல்றேன்."

"பார்ப்போம்."

ஐந்தாவது வருடம், நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு கடிதம் வந்தது: பள்ளி மாணவர்களுக்காக அருங்காட்சியகம் என்ன செய்துகொண்டிருக்கிறது? இயக்குநர் அலமாரிகளைக் குடைந்தார். பசையம்மாவின் மனு கிடைத்தது. அதனால் அறையும் கிடைத்தது, ஆறு புதன்கிழமைகளுக்கு மட்டும். உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த பின்னறை. நிபந்தனைகளை அவர் விரல் விட்டுச் சொன்னார். பதிவேட்டில் எண் ஏறிய எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் எண் போடாத பானையோடுகள் மட்டும்தான். ஆறாவது புதன் நிர்வாகக் குழு வந்து பார்க்கும். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அந்த அறை விருந்தினர் ஓய்வறை ஆகிவிடும்.

ஓய்வறைக்கான சோபா அதற்கு முன்பே வந்துவிட்டது. பிளாஸ்டிக் உறையோடு தாழ்வாரத்தில், அவள் அறை வாசலுக்கு நேர் எதிரே, நல்ல சேதிக்குக் காத்திருக்கும் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"தங்கச்சி, அது உன்னையேதான் பார்க்குது" என்றார் டிக்கெட் அண்ணன்.

"பார்க்கட்டும்ணே. எத்தனை நாள் பார்க்குதுன்னு நானும் பார்க்கறேன்."

இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பு, இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஆறு வாரமும் அவர்களே வருவதாக ஏற்பாடு. முதல் புதன் அவர்கள் கையைப் பின்னால் கட்டியபடியே வந்து நின்றார்கள். டீச்சர் பின்னாலிருந்து, "வரிசை, வரிசை" என்றார்.

"டீச்சர், இன்னிக்கு வரிசை வேணாம். கைதான் வேணும்" என்றாள் பசையம்மா. பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் கூரையைப் பார்த்தார். முதலில் ஒரு கை முன்னால் வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு ஐம்பத்தாறும்.

முதல் வாரம் கழுவினார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு பேசின் தண்ணீர், ஆளுக்கு இருபது ஓடு. பேசினில் இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. இரண்டாவது வாரம் பிரித்தார்கள்: நிறத்துக்கு ஒரு குவியல், தடிமனுக்கு ஒரு குவியல், வளைவுக்கு ஒரு குவியல். "இது பானையோட கழுத்து." "போடா, அது இடுப்பு." "உன் இடுப்பு மாதிரி இருக்கு, அதான் உனக்குத் தெரியுது." மூன்றாவது வாரம்தான் அவள் தன் தொழிலின் ரகசியத்தை எடுத்துவிட்டாள்.

"ரெண்டு ஓட்டைச் சேர்த்துப் பிடிங்க. அழுத்தக் கூடாது. கண்ணு பொய் சொல்லும், அதனால கண்ண மூடிக்கோங்க. இப்ப நகத்தை இந்த ஓட்டுலேர்ந்து அந்த ஓட்டுக்கு ஓட்டுங்க. வழுக்கிட்டுப் போச்சுன்னா ரெண்டும் ஒரே பானை. தட்டுச்சுன்னா வேற. நிறம் ஒண்ணா இருக்கலாம், தடிமன் ஒண்ணா இருக்கலாம். நகம் தட்டினா தட்டினதுதான்."

இருபத்தெட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு நகம் ஓட்டினார்கள். டீச்சரும் ஒரு ஓரமாக இரண்டு ஓடுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி அடித்தபோது, "ஒரு நிமிஷம் இருங்கடா, எனக்குப் பொருந்துற மாதிரி இருக்கு" என்றது அவர்தான்.

நாலாவது புதன் ஜன்னலோர மேசையில் நாலு பேர் பதினோரு ஓடுகளைப் பொருத்திவிட்டார்கள். பசை கிடையாது. காகித நாடாவை ஒட்டி, மணல் தட்டில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு பானையின் தோள்பட்டை தெரிந்தது. தோள்பட்டையில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த மேசையின் தலைவிக்கு வகுப்பில் 'சந்தேகம்' என்று பெயர். டீச்சர் பாடம் நடத்தத் தொடங்கி மூன்றாவது நிமிடம் எழுந்து, "மிஸ், ஒரு சந்தேகம்" என்பாளாம். பாடம் அதோடு தடம் புரண்டுவிடுமாம்.

"மிஸ், ஒரு சந்தேகம். இந்த ஓட்டை எதுக்கு?"

"மூக்கு வைக்கறதுக்கு. தண்ணி ஊத்த."

"மூக்கு எங்க?"

"கிடைக்கலை போல. எல்லா ஓடும் கிடைக்காதும்மா."

சந்தேகம் தலையை ஆட்டினாள். சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தாள். மாணவர் டிக்கெட், இலவசம், ஆனாலும் டிக்கெட் அண்ணன் கிழித்துக் கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். டிக்கெட்டில் அருங்காட்சியகத்தின் சின்னம் இருந்தது. மூக்குப் பானை. நடுக்கூடத்தில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற பானை. வாசல் வளைவில், கடிதத் தாளில், இயக்குநரின் விசிட்டிங் கார்டில், எங்கே பார்த்தாலும் அந்தப் பானைதான் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். வரைந்த ஓவியர் கெட்டிக்காரர், மூக்கின் அடியில் இருக்கிற மூன்று கீறல்களைக்கூட விடவில்லை.

அவள் டிக்கெட்டை ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஓட்டையின் விளிம்பில் மூன்று கீறல்கள் இருந்தன. பாதியில் அறுந்து நின்றன.

"மிஸ், இந்தக் கோடு இங்க நிக்குது. அந்தக் கோடு அங்க ஆரம்பிக்குது. அந்த மூக்கு இதோடதா?"

பசையம்மா குனிந்து கீறல்களைப் பார்த்தாள். அது இந்தத் தோள்பட்டையின் மூக்குதான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் அந்த மூக்கை நடுக்கூடப் பானையில் ஒட்டியவள் அவள்.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். புதுக் கூடம் திறக்க நாலு நாள்தான் இருந்தது. பானை தயார், தோளில் ஒரு பெரிய பொத்தல் மட்டும் பாக்கி. தட்டில் ஒரு மூக்கு கிடந்தது. ஒரே குழியில் கிடைத்தது, ஒரே நிறம். வைத்துப் பார்த்தாள். நகம் தட்டியது. திருப்பி வைத்தாள். தட்டியது. மூன்றாவது முறை நகத்தை ஓட்டவே இல்லை. சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டர் வைத்து மூடி, நிறம் பூசினாள். திறப்பு விழாவில் எல்லாரும் கை தட்டினார்கள். மூக்கு சின்னமானது.

"அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றாள் பசையம்மா.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. கற்கண்டு கரைகிற நிதானம்கூட அப்படியே வந்திருந்தது. நெற்றியில் கண்ணாடி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றியது.

"சரிங்க மிஸ்" என்று சந்தேகம் நோட்டில் எழுதிக்கொண்டாள்: அடுத்த வாரம் பார்க்க வேண்டியது, மூக்கு.

பசையம்மாவின் வீட்டுக்காரருக்கு ஒடுங்கின கார்களைத் தட்டி நிமிர்த்துகிற தொழில். அன்று அவள் நேராக அவர் பட்டறைக்கே போனாள். அவர் ஒரு காரின் கதவில் இருந்த பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பட்டி வச்சு மூடின வண்டியை வாங்க வர்றவங்க எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"காந்தம் வச்சுப் பார்ப்பாங்க. தகரத்துல ஒட்டும், பட்டில ஒட்டாது. எதுக்கு, வண்டி வாங்கப் போறியா?"

"பதினாறு வருஷம் முன்னாடி நான் ஒரு வண்டிக்குப் பட்டி வச்சேன்."

அவர் கையை நிறுத்தினார். அவள் முழுக்கச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், நடுவில் ஒருமுறை இருமினார், அது சிரிப்பு.

"எட்டாங்கிளாஸ் பொண்ணு. அது கையில காந்தத்தைக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"நான் எல்லாம் வர்றவன் கண்ணுலயே காந்தத்தைக் காட்ட மாட்டேன். நீ என்னடான்னா இருபத்தெட்டுப் பேருக்குக் குடுத்து, கண்ண மூடிட்டு வச்சுப் பாருங்கன்னு வகுப்பு வேற எடுத்திருக்க."

"கிண்டல் போதும். இப்ப என்ன பண்ணட்டும்?"

"என்கிட்ட ஏன் கேக்கற? உன் மூஞ்சியப் பார்த்தா முடிவு பண்ணிட்டுத்தான் வந்த மாதிரி இருக்கு. அந்தச் சுத்தியலை எடு."

உண்மையில் அவள் முடிவு பண்ணியிருக்கவில்லை. வியாழக்கிழமை காலை இயக்குநர் அறையில் அது தெரிந்தது.

அவர் நல்ல மனிதர். கத்தமாட்டார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் விசிட்டிங் கார்டை எடுத்து மேசைமேல் வைத்து, மூக்கை விரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார்.

"இத யார்கிட்ட சொன்னீங்க?"

"வீட்டுக்காரர்கிட்ட."

"அவரு மியூசியத்துக்கு வருவாரா?"

"நான் வேலைல சேர்ந்ததுலேர்ந்து வந்ததில்ல சார்."

"நல்லது." அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "இங்க பாருங்கம்மா. குழு வர்ற நேரம். நம்ம சின்னமே தப்புன்னு சொன்னா, பசங்க விளையாட்டைப் பார்க்கறதுக்கு அவங்களுக்கு நேரம் இருக்காது. உங்க மேல விசாரணை வரும், அந்த ரூம்ல சோபா வரும். அந்தத் தோள்பட்டையை மூட்டைல திருப்பிப் போட்டுடுங்க. எண் போடாத ஓடு, யாரும் தேடப் போறதில்ல. ரூம் உங்களுக்கு. நிரந்தரமா. நானே குழுகிட்ட பேசறேன்."

இதுவரை அவர் வாயிலிருந்து நேரடியாக ஒரு 'சரி' வந்து அவள் கேட்டதில்லை. அதைக் கேட்டுப் பழக்கமும் இல்லை. எழுந்து வந்தாள். தோள்பட்டையை மணல் தட்டோடு தூக்கித் தன் பட்டறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மூட்டையில் போடவில்லை. வெளியேயும் வைக்கவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த ஆறு நாளும் நடமாடினாள். அறை நிரந்தரமானால் எந்தச் சுவரில் அலமாரி அடிப்பது, எங்கே கைகழுவும் தொட்டி வைப்பது என்று அளவெடுத்தாள். மேற்குச் சுவரை இரண்டு முறை அளந்தாள். இரண்டு முறையும் வேறு வேறு அளவு வந்தது.

"என்ன தங்கச்சி, சுவர் வளருதா?" என்றார் டிக்கெட் அண்ணன்.

ஐந்தாவது புதன், ஜன்னலோர மேசை காலியாக இருந்தது. சந்தேகம் வந்ததும் நோட்டைத் திறந்தாள்.

"மிஸ், அடுத்த வாரம் வந்துருச்சு."

மற்ற மேசைகளில் பிரஷ் சத்தமும் சண்டையும் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு பையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஓடுகளுக்கு நடுவே நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். "ஒட்டிக்கோடா" என்று பக்கத்திலிருந்தவன் அவசரப்படுத்தினான். "தட்டுதுடா" என்றான் கண்ணைத் திறக்காமலே. "லேசாத்தானே தட்டுது, யாருக்குத் தெரியும்." "எனக்குத் தெரியுதே."

பசையம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். மணல் தட்டைத் தூக்கிவந்து மேசை நடுவில் வைத்தாள்.

"எல்லாரும் இங்க வாங்க. சந்தேகம் சொன்னது சரி. நடுக்கூடத்துல இருக்கற மூக்கு இந்தப் பானையோடது. அதைத் தப்பான பானையில ஒட்டினது நான்."

டீச்சர் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தார்.

"தெரியாம ஒட்டிட்டீங்களா மிஸ்?" என்றாள் சந்தேகம். அவள் குரலில் ஒரு இரக்கம் இருந்தது. 'ஆமா' என்று சொன்னால் போதும், வாசல் திறந்தே இருந்தது.

"இல்ல. நகம் தட்டுச்சு. தெரிஞ்சுதான் ஒட்டினேன். விழாவுக்கு நாலு நாள்தான் இருந்துச்சு."

பிறகு கடைசி மேசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப டிக்கெட்டும் தப்பா?" இன்னொன்று: "வாசல் வளைவும் தப்புடா." "சாரோட கார்டு?" "எல்லாத்துக்கும் மூக்கறுப்புதான்." இருபத்தெட்டுப் பேரும் சிரித்தார்கள். டீச்சர் வாயில் விரல் வைத்தார். மற்றவர்களை அடக்க அல்ல, தன் சிரிப்பை மறைக்க.

"ஒட்டினத பிரிக்க முடியுமா மிஸ்?"

"முடியும். நாங்க ஒட்டற பசை எப்பவும் பிரிக்க முடியற பசைதான். தப்பு பண்ணுவோம்னு தெரிஞ்சே செஞ்ச பசை அது."

அன்று வகுப்பு முடிந்ததும் அவள் இயக்குநர் அறைக்குப் போனாள். கையில் ஒரு தாள். விளக்கக் கடிதம். யாரும் கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டிருந்தாள். நாலே வரி. கடைசி வரி: "நகம் தட்டியது அன்றே எனக்குத் தெரியும்."

அவர் படித்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "பார்ப்..."

"சார், கூடத்துக்கு ஒரு நிமிஷம் வாங்க. பார்க்க வேணாம். தொட்டா போதும்."

கண்ணாடிப் பெட்டியை அவள் திறந்தாள். பதினெட்டு வருடம் அந்த அருங்காட்சியகத்தை நடத்தியவர், தன் சின்னத்தை அதுவரை தொட்டதில்லை என்பது அவர் கையை நீட்டிய விதத்திலேயே தெரிந்தது. தூரத்திலிருந்து டிக்கெட் அண்ணனின் குரல் பழக்கத்தில் வந்தது: "தொடாதீங்க." பிறகு யார் என்று பார்த்துவிட்டு, "தொடலாம் சார்" என்றது.

"கண்ண மூடிக்கோங்க சார். பானையிலேர்ந்து மூக்குக்கு நகத்தை ஓட்டுங்க."

ஓட்டினார். பிளாஸ்டர் தொடங்குகிற இடத்தில் நகம் நின்றது. சுற்றி வந்தார். எல்லாப் பக்கமும் நின்றது. கண்ணைத் திறந்தார்.

"இத நான் தொட்டிருக்கவே கூடாது" என்றார்.

"குழு முன்னாடி பிரிக்கறேன் சார். அதுதான் அன்னிக்கு வகுப்பு. ரூம் போனா போகட்டும். அரசமரத்தடில உக்காந்து நடத்தறேன், மரம் இல்லாட்டி குழாயடில. ஆனா நகத்தை ஓட்டச் சொல்லிட்டு மூக்கை மூடி வச்சுக்கிட்டு என்னால நடத்த முடியாது."

அவர் விளக்கக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கறேன். நான் குழுகிட்ட எதுவும் பேச மாட்டேன். நீங்களே பேசுங்க. எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்ச மாதிரி நிப்பேன்." இரண்டு அடி நடந்து திரும்பினார். "தடுக்கவும் மாட்டேன்."

ஆறாவது புதன் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தலைவி ஓய்வு பெற்ற பல் டாக்டர். எல்லாருடைய வாயையும் பார்த்துத்தான் பேசுவார். பேசுகிறவர்களுக்குக் கடைவாயில் கூச்சம் வரும். பசையம்மா சுற்றி வளைக்கவில்லை. மேசைமேல் மூக்குப் பானை, பக்கத்தில் பிள்ளைகள் பொருத்திய தோள்பட்டை. நடந்ததைச் சொன்னாள். விழா, நாலு நாள், பிளாஸ்டர்.

"தெரிஞ்சே ஒட்டினீங்களா?" என்றார் டாக்டரம்மா, அவள் பற்களைப் பார்த்தபடி.

"ஆமாம்மா."

"இத்தனை வருஷம் யாரும் கண்டுபிடிக்கல?"

"யாரும் தொடல."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிரிங்க. பார்க்கறேன்."

பிளாஸ்டரை ஈரப் பஞ்சால் இளக்கிச் சின்னக் கத்தியால் சுரண்ட ஒரு மணி நேரம் ஆனது. விழுகிற தூளைப் பிள்ளைகள் முறைவைத்துப் பிரஷால் ஒதுக்கினார்கள். பசையைக் கரைக்கிற அசிட்டோன் பஞ்சை அவள் மட்டும்தான் தொட்டாள். ஜன்னல்கள் திறந்தன, பிள்ளைகள் நாலடி பின்னால் நின்றார்கள். "நகப்பாலிஷ் எடுக்கற வாசனை" என்றாள் ஒருத்தி. "பானைக்கும் நகம் இருக்குன்னு இப்பதான் தெரியுது" என்றான் ஒருவன். ஒரு பையன் நிமிடம் எண்ணினான், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "பஞ்சு மாத்துங்க மிஸ்" என்றான், இயக்குநரின் குரலை அப்படியே பிடித்து. இயக்குநர் உட்பட எல்லாருக்கும் அது யார் என்று புரிந்தது. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா அவர் வாயைப் பார்த்தார். அவர் கடிகாரத்தை மறந்தார்.

நாலாவது பஞ்சுக்கு மூக்கு லேசாக அசைந்தது. பால் பல் ஆடுகிற மாதிரி. பசையம்மா இழுக்கவில்லை. காத்திருந்தாள். ஐந்தாவது பஞ்சுக்கு அது தானாக அவள் உள்ளங்கைக்கு வந்தது. பசையைத் துடைத்து, வாசனை போகும் வரை ஜன்னலோரம் காயவைத்தாள்.

"சார்," என்றாள் இயக்குநரிடம். "இது பதிவேட்டுல எண் ஏறின பொருள். பிள்ளைங்க தொடக் கூடாதுன்னு உங்க நிபந்தனை. ஆனா இத அங்க வைக்க வேண்டியது அவங்கதான்."

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "பார்க்கலாம்."

"பார்க்கத்தானே வந்திருக்கோம்" என்றார் டாக்டரம்மா. "வைக்கட்டும்."

சந்தேகம் கையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினாள். மூக்கை இரண்டு கையாலும் வாங்கினாள். தோள்பட்டையின் ஓட்டைக்கு நேரே கொண்டுவந்து, கீறலுக்குக் கீறல் சரிபார்த்து, அழுத்தாமல் வைத்தாள். சத்தமே வரவில்லை. அப்படியே அமர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டினாள்.

"வழுக்குது மிஸ்."

டாக்டரம்மா எழுந்து வந்தார். கண்ணை மூடினார். நாற்பது வருடம் அடுத்தவர் வாயில் இதே வேலையைச் செய்த நகம் மெதுவாகச் சுற்றி வந்தது. எங்கும் நிற்கவில்லை. "ம்" என்றார். அவ்வளவுதான். பிறகு டீச்சர் வரிசையில் நின்றார், குழுவின் மற்ற இரண்டு பேர் நின்றார்கள், டிக்கெட் அண்ணன் டிக்கெட் கூண்டைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். கண்ணை மூடி, நகத்தை ஓட்டி, "பார்வையாளர்கள் தொடலாம்" என்றார் அறிவிப்புக் குரலில், யாரும் கேட்காமலேயே.

முடிவு இரண்டு வாரம் கழித்துக் கடிதமாக வந்தது. பசையம்மாவின் பணிக்கோப்பில் கண்டிப்பு ஒன்று பதிவாகும். ஒரு வருடத்துக்கு அவள் ஒட்டுகிற எதையும் இன்னொருவர் சரிபார்த்த பிறகே காட்சிக்கு வைக்க வேண்டும். அறை ஒரு வருடத்துக்கு வகுப்புக்கு. வாரம் இரண்டு பள்ளிகள். அடுத்த வருடம் மறுபடி பார்க்கப்படும். கீழே டாக்டரம்மாவின் கையெழுத்தில் ஒரு வரி: தாழ்வாரத்து சோபா உட்கார்ந்தால் தரையைத் தொடுகிறது, நோயாளிகளுக்கு ஆகாது.

கண்டிப்புப் பகுதியை அவள் இரண்டு முறை படித்தாள். இரண்டு முறையும் வலித்தது. அறைப் பகுதியை நாலு முறை படித்தாள். பிறகு மேற்குச் சுவரை அளந்தாள். இந்த முறை அளவு ஒன்றுதான் வந்தது.

சோபா இயக்குநர் அறைக்குப் போனது. மூக்கில்லாப் பானையும் மூக்குள்ள தோள்பட்டையும் நடுக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் நின்றன. தோள்பட்டைக்குப் புதிதாக எண் போட்டார்கள். பொருத்தியவர்கள் என்ற இடத்தில் நாலு பேர், எட்டாம் வகுப்பு, என்று எழுதியிருந்தது. வாசல் வளைவை மாற்ற இயக்குநர் கோப்பு ஒன்று தொடங்கினார். அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கிறார்.

டிக்கெட் விஷயமாக டிக்கெட் அண்ணன் அவளைத் தேடி வந்தார். "தங்கச்சி, பழைய டிக்கெட் ரெண்டு பெட்டி நிறையக் கிடக்கு. எல்லாத்துலயும் மூக்கு. எரிச்சுடவா?"

"வேணாம்ணே. என்கிட்ட குடுங்க."

அடுத்த புதன் வேறொரு பள்ளி வந்தது. முப்பத்தொரு பேர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பசையம்மா ஆளுக்கு ஒரு டிக்கெட் கொடுத்தாள்.

"இத எடுத்துக்கிட்டு நடுக்கூடத்துக்குப் போங்க. இதுல ஒரு தப்பு இருக்கு. அந்தத் தப்பு நான் பண்ணினது. கண்டுபிடிச்சுட்டு வாங்க, அப்புறம் கை கழுவலாம்."

அவர்கள் போனார்கள். வரிசை கதவு தாண்டும் முன்பே கலைந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். ஒன்பது நிமிடம் கடந்தது. பதினாலும் கடந்தது. குழாயடியில் யாரும் இல்லை.